சுவர் எங்கே நிற்கிறது

ரெஜினா கூபியாக்கின் வீட்டுப் பின்வாசலில் நின்று தெற்கே பார்த்தால் ஆறு மைல் தூரத்தில் குன்று தெரியும். குன்றின் மேல் அவள் பிறந்து வளர்ந்த பண்ணை. நல்ல வெயில் நாளில் பழைய தொழுவத்தின் கூரை தீப்பெட்டி அளவுக்கு மின்னும். நடுவழியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஊரின் தண்ணீர்த் தொட்டி நாலு இரும்புக் கால்களில் நிற்கும். அவள் வாழ்க்கையில் பாதி நாள் அந்தத் தொட்டியைப் பார்ப்பதிலேயே போயிற்று என்பான் அவள் கணவன் ரே. ரே எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். இதில் கூட்டியது அதிகமில்லை.

ஊருக்கு மேற்கே கிடக்கும் ஈரி ஏரி உறைவதற்கு முன்னால், மேல்காற்று அதன் நீளத்துக்கு ஓடி வரும்போது தண்ணீரின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். எல்லா ஊரிலும் கொட்டாது. ஒரு பட்டை போட்ட மாதிரி விழும். பட்டைக்குள் இருப்பவனுக்குத் தன் கையே தெரியாது. பட்டைக்கு வெளியே இருப்பவள் கொடியில் துணி காயப்போடலாம். இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து வானம்வரை வெள்ளையாக ஒரு சுவர் நிற்கும். அது எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. அதனால் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் போட்டு, சுவர் எங்கே நிற்கிறது என்று கேட்பார். டி.வி.யில் படம் போட்டுக் காட்டுகிறார்கள், கையிலிருக்கும் போனிலும் வருகிறது; இருந்தாலும் கேட்பார். டி.வி.க்காரன் மாவட்டத்துக்குச் சொல்கிறான். தங்கை என் வீட்டுக்குச் சொல்வாள் என்பார்கள்.

ரெஜினா இருபத்து நாலு வயதுவரை அந்தக் குன்றில் காலையும் மாலையும் பால் கறந்தவள். அண்ணன் ஃபெலிக்ஸைவிட அவளுக்குக் கை வேகம். அவள் உட்கார்ந்தால் உதைக்கிற மாடுகூட நின்று கொடுக்கும். அப்பா போனதும் பண்ணை ஃபெலிக்ஸுக்கு வந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். எஃகு ஆலையில் வேலை பார்த்த ரேயைக் கட்டிக்கொண்டு ஆறு மைல் வடக்கே வந்தாள். ஆலையை மூடினார்கள். ரே கார் உதிரிபாகக் கிடங்குக்குப் போனான். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து, தலையில் வலைத் தொப்பியோடு, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்குச் சூப்பும் வெள்ளிக்கிழமை மீனும் ஊற்றிப் போட்டாள். பால் டப்பாவைப் பாதி குடித்துவிட்டு வீசுகிற பையனைப் பார்த்தால், "அது எங்க அண்ணன் மாட்டுப் பாலு, ஒழுங்கா குடிச்சு முடி" என்பாள். யார் மாட்டுப் பாலோ அது. பிள்ளைகள் நம்பினார்கள். சிலர் பெரியவர்களான பிறகும் நம்பினார்கள்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ஃபெலிக்ஸ் கூப்பிட்டான். "ரெஜி, உன் பக்கம் எப்படி இருக்கு? இங்க ஒண்ணுமே தெரியல." அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பின்வாசலுக்குப் போய்ப் பார்த்து வந்து, தொட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு வயல் தள்ளி நிற்கிறது, மெல்ல தெற்கே போகிறது, மாலைக் கறவைக்குள் விட்டுவிடும் என்றாள். அப்படியே விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலம். பால் வண்டியை வரச் சொல்வதா வேண்டாமா, கூரைப் பனியை இன்றைக்கே தள்ளுவதா நாளைக்கா, எல்லாம் அவள் வாயிலிருந்து வருவதுதான். பண்ணையில் அவளுக்கு வந்த பங்கு என்று பார்த்தால் அது ஒன்றுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நவம்பரில் யாரும் பனிக்குத் தயாராக இல்லை. மாதக் கடைசியில் வருகிற நன்றித் திருநாள்கூட வரவில்லை. ஓக் மரங்களில் இலை அப்படியே இருந்தது. கோடை நீண்டு, ஏரித் தண்ணீர் இன்னும் சூடாகக் கிடந்தது. ஃபெலிக்ஸின் டிராக்டரில் சோளம் அறுக்கிற இயந்திரம்தான் பூட்டியிருந்தது. பனி தள்ளுகிற தகடு கொட்டகைக்குப் பின்னால் களைக்குள் கிடந்தது. அவன் மனைவி டாட், மகளின் பிரசவத்துக்காக ராச்செஸ்டருக்குப் போயிருந்தாள். அறுபத்தேழு வயதுக்காரன், நாற்பது சொச்சம் மாடுகளோடு குன்றின் மேல் தனியாக இருந்தான்.

இரவெல்லாம் காற்று வீட்டைப் பிடித்து உலுக்கியது. காலையில் ரெஜினாவின் வீட்டில் நல்ல வெயில். ரே காற்று தூக்கிப்போன குப்பைத் தொட்டியைத் தேடிக்கொண்டு தெருக்கோடிவரை போய்விட்டு வந்தான். அவள் காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சூப்புக்காரம்மா, எழுந்தாச்சா?"

"நீ கறந்து முடிச்சியா?"

"முடிச்சேன். வாசல்ல இடுப்பளவு. இதைப் பனின்னா சொல்றது? சிமெண்ட்டைக் குழைச்சுக் கொட்டுறான். சரி, சுவர் எங்க நிக்குது, போய்ப் பாரு."

போனோடு பின்வாசலுக்குப் போனாள். காற்று கதவைப் பிடுங்கியது. சுவர் அவள் பார்த்ததிலேயே கிட்டே நின்றது. தொட்டியைக் காணவில்லை.

"தொட்டி இல்ல. முழுங்கிடுச்சு."

"அப்ப நகரவே இல்லையா?"

"இப்ப நகரல."

பின்னணியில் ஒரு மாடு கத்தியது. "பழைய கூரைதான் எனக்கு யோசனையா இருக்கு ரெஜி. மேற்குப் பக்கத்து உத்தரத்துக்கு இந்த வருஷம் முட்டுக் கொடுக்கணும்னு இருந்தேன். காத்து வேற எல்லாத்தையும் கொண்டாந்து ஒரே பக்கம் ஏத்துது. மாட்டையெல்லாம் அவுத்து இரும்புக் கொட்டகைக்கு ஓட்டிடலாமான்னு பாக்குறேன்."

"கொட்டகையில இடம் இருக்கா?"

"சோளம் கிடக்கு, டிராக்டர் கிடக்கு. ஒதுக்கணும். அதுக்கும் இதுக்கும் நடுவுல பாதை வெட்டணும். தனி ஆளா வெட்டி முடிக்கிறதுக்குள்ள என்னையும் சேத்து ஓட்ட ஆள் வேணும்."

"ரேயை அனுப்பட்டுமா?"

"அவனா? அவன் வந்தா அவனுக்கு ஒரு பாதை வெட்டணும்."

ரே மேசையிலிருந்தபடி, "கேக்குதுடா எனக்கு" என்றான்.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்" என்றான் ஃபெலிக்ஸ். "சரி, நான் மண்வெட்டியைத் தேடுறேன். நீ கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் பாத்துச் சொல்லு. விடுற மாதிரி இருந்தா எதுக்கு மாடுங்களைக் குளிர்ல இழுக்கணும்."

அவள் பாத்திரம் கழுவினாள். படுக்கையை உதறிப் போட்டாள். மறுபடி பின்வாசலுக்குப் போனபோது தொட்டி வெளியே வந்திருந்தது. கழுவித் துடைத்து வைத்த மாதிரி, வெயிலில் பளபளவென்று நின்றது. அதற்கு அப்பால் ரயில் பாதை, அதற்கு அப்பால் லியோனார்டின் ஆப்பிள் தோட்டத்தில் பாதி. சுவர் அதற்கும் பின்னால் போயிருந்தது. அவளுக்கு இது பழகிய பாடம். தொட்டி வெளியே வந்தால் சுவர் தெற்கே கிளம்பிவிட்டது. கிளம்பினால் குன்றைத் தாண்ட அதிக நேரம் எடுக்காது. இத்தனை வருஷத்தில் இது பொய்த்ததில்லை.

"வந்துடுச்சு, தொட்டி வந்துடுச்சு" என்றாள் போனில். "லியோனார்டு தோட்டம்வரைக்கும் தெரியுது. கிளம்பிடுச்சு ஃபெலிக்ஸ். மத்தியானத்துக்குள்ள உனக்கு வெயில்."

"நிச்சயமா?"

"எப்ப நான் தப்பாச் சொன்னேன்?"

"நீ சமைக்கிற மீட்லோஃப் நல்லா இருக்கும்னு அடிக்கடி சொல்லுவே." சிரித்தான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. "அப்ப மாடு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நான் போய் முட்டை பொரிச்சுத் தின்னுறேன். டாட் இல்ல, வெண்ணெயை இஷ்டத்துக்குப் போடலாம்."

மத்தியானம் ரே தனக்குப் பிடித்த ரொட்டியில் மாட்டிறைச்சி வைத்து, குதிரைமுள்ளங்கி அரைத்ததைத் தாராளமாகத் தடவித் தின்றுகொண்டிருந்தான். குன்றிலிருந்து போன் வரவில்லை. வெயில் வந்தால் ஃபெலிக்ஸ் கூப்பிட்டு ஒரு கிண்டலாவது செய்வான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள்.

தொட்டி அங்கேயே இருந்தது. தோட்டமும் இருந்தது. சுவரும் காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் அது காலையில் பார்த்த சுவர் இல்லை. காலையில் அகலமாக, மங்கலாக, பால் சிந்தின மாதிரி பரந்து கிடந்தது. இப்போது அதன் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக இருந்தது. அடிப்பக்கம் கறுத்திருந்தது. கிழக்கே பார்த்தாள், மேற்கே ஏரிப் பக்கம் பார்த்தாள். இருபக்கமும் ஒரே கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு மின்னல் வெட்டியது. பனிக்குள் மின்னல்.

சுவர் தெற்கே போகவே இல்லை. இருந்த இடத்திலேயே ஒடுங்கியிருக்கிறது. இருபது மைல் அகலத்துக்குப் பெய்துகொண்டிருந்ததெல்லாம் நாலைந்து மைலுக்குள் அடைத்துக்கொண்டு கொட்டுகிறது. தொட்டி வெளியே வந்தது அதனால்தான். ஒடுங்கின பட்டையின் நட்டநடுவே குன்று.

ஃபெலிக்ஸ் நெடுநேரம் கழித்துத்தான் எடுத்தான். மூச்சு வாங்கியது.

"வெயில் எங்கடி?"

"ஃபெலிக்ஸ், அது போகல. ஒடுங்கிடுச்சு. நான் தப்பாப் பாத்துட்டேன்."

"அதான் பாத்தேன். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவுல வரதுக்கே செத்துட்டேன். நெஞ்சுவரைக்கும் இருக்கு."

"மாடுங்களை இப்ப மாத்திடேன்."

"எந்த வழியில? மாடு பறக்கவா?" குரலில் கோபமில்லை. அதுதான் அவளைக் குத்தியது. "காலையில இடுப்பளவு இருக்கும்போது வெட்டியிருக்கலாம். இப்ப நானே மண்வெட்டியோட புதைஞ்சா வசந்தத்துல கண்டுபிடிப்பீங்க. சரி விடு. பேசுறதுக்கு மூச்சு இல்ல."

ரே அதற்குள் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துவிட்டிருந்தான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். பின்னால் இரண்டு மண்வெட்டி, ஒரு கயிறு, ஒரு மூட்டை உப்பு. அவள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஒரு மூட்டை உப்பு அந்தப் பனியை உருக்கப் போதாது என்று ரேவுக்கும் தெரிந்திருக்கும்.

தொட்டியைத் தாண்டும்வரை சாலை காய்ந்து கிடந்தது. ஆப்பிள் தோட்டத்தின் முனையில் ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ் வண்டி குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கல்லெறி தூரத்தில் சாலை முடிந்துவிட்டது. கோடு கிழித்த மாதிரி வெள்ளை. வண்டியிலிருந்து இறங்கி வந்த இளைஞனை அவளுக்குத் தெரியும். ஷீஹன் வீட்டுப் பையன், கைல். பள்ளியில் காரட்டைத் தொடவே மாட்டான்; எல்லாப் பிள்ளைகளையும் போல கூபியாக்கை 'கே' என்று சுருக்கித்தான் கூப்பிடுவான்.

"மிஸஸ் கே, திரும்பிப் போங்க. சாலை மூடியாச்சு."

"எங்க அண்ணன் மேல தனியா இருக்காரு, கைல். தொழுவத்துக் கூரை தாங்காது."

"உள்ள நாப்பது அம்பது கார் மாட்டிக்கிட்டு நிக்குது. பனி தள்ளுற வண்டியே ரெண்டு மாட்டிக்கிச்சு. உங்களை விட்டா அம்பத்தொண்ணு."

"நடந்து போறேன்."

"நடந்தா கோடு தாண்டி பத்தடி போறதுக்குள்ள எந்தப் பக்கம் வந்தோம்னு தெரியாது. நான் காலையில போய்ப் பாத்தேன். என் வண்டியைத் தடவித் தடவித்தான் கண்டுபிடிச்சேன்." அவன் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். "உங்க மேல எனக்குப் பயம் உண்டு மிஸஸ் கே. காரட் விஷயத்துல இன்னும் உண்டு. ஆனா விட மாட்டேன்."

ரே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். அவள் நெடுஞ்சாலைத் துறைக் கொட்டகைக்குப் போன் போட்டாள். அங்கே எடுப்பவள் டொரீன். அவளோடு பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள்தான்.

"டொரீன், ஒரே ஒரு வண்டி. குன்றுவரைக்கும்."

"தங்கம், ஓடுறது ஒரே ஒரு வண்டிதான். அது ஆம்புலன்ஸுக்கு முன்னால போய்க்கிட்டிருக்கு. ஒருத்தருக்கு நெஞ்சு வலி. நெஞ்சு வலியை விட்டுட்டு மாட்டுக்கு வான்னு எப்படிச் சொல்லுவேன்?"

"எங்க அண்ணன் மாடில்ல."

"அவரு வீட்டுக்குள்ள இருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குள்ள இருக்கச் சொல்லு." டொரீன் இறங்கிய குரலில் சேர்த்துச் சொன்னாள்: "இருக்க மாட்டாருல்ல?"

"மாட்டாரு."

வண்டியின் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே வெயில் மடியில் விழுந்தது. முன்னால் அந்தக் கோடு. காற்று தோட்டத்து ஆப்பிள் மரங்களை வளைத்து அடித்தது. உதிராத இலையும் பறிக்காமல் விட்ட சில பழங்களும் ஆடின. அந்தப் பக்கம் ஒரு மரம் பாதி தெரிந்தது. மீதிப் பாதி இல்லை. வீட்டில் இருந்திருந்தால் அவள் அரைமணிக்கு ஒரு தரம் அடுப்பையாவது துடைத்திருப்பாள். இங்கே கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ரே ரேடியோவைப் போட்டான். அவள் பார்த்த பார்வையில் அணைத்தான்.

போன் அடித்தது.

"ரெஜி." ஃபெலிக்ஸின் குரல் நிதானமாக இருந்தது. அவன் அவ்வளவு நிதானமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "மின்சாரம் போயிடுச்சு. மேற்கு உத்தரம் முனகுது. மேல ஏறித் தள்ளலாம்னு ஏணியைச் சாத்தினேன், காத்து ஏணியை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எங்க போச்சுன்னே தெரியல."

"நல்லவேளை நீ அதுல இல்ல."

"இப்ப நான் கதவுல நிக்கிறேன். மாடெல்லாம் இரும்புக் கழுத்துச் சட்டத்துல மாட்டியே இருக்கு. விழுந்தா ஒண்ணும் தப்பாது. அவுத்துவிட்டா கிழக்குப் பக்கமா ஒதுங்கும்னு நினைக்கிறேன். இல்ல, எல்லாம் மிரண்டு ஒரே இடத்துல குவிஞ்சு நிக்குமா? நீ என்ன சொல்றே? அவுக்கவா, விடவா?"

அவளுக்குப் பதில் தெரியும். கறந்தவளுக்குத் தெரியாதா. தலையில் பாரம் இறங்குகிறது என்றால் மாடு வெளிச்சத்தைப் பார்த்து நகரும்; கட்டில்லாத மாட்டுக்குப் பாதி வாய்ப்பாவது உண்டு. ஆனால் அவிழ்த்துவிடு என்று சொன்னால், ஒவ்வொரு சட்டமாகக் கையால் தட்டி விடுவதற்கு அவன் அந்தக் கூரைக்கு அடியில் கடைசிவரை போக வேண்டும். காலையில் ஒன்று சொன்னாள். அதை நம்பி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். இப்போதும் அவளைத்தான் கேட்கிறான்.

"உள்ள போகாத" என்றாள்.

"அதைக் கேக்கல நான்."

"வீட்டுக்குப் போ, ஃபெலிக்ஸ். டாட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? உள்ள போகாத. மாடு போனாப் போகுது."

"மாடு போனாப் போகுதுன்னு நீ சொல்றே."

"ஆமா, நான்தான் சொல்றேன்."

"நீ வண்டியில உக்காந்திருக்கியா? ஹீட்டர் சத்தம் கேக்குது" என்றான்.

"லியோனார்டு தோட்டத்துகிட்ட. விட மாட்டேங்கிறாங்க."

"அங்கயே இரு. போனைச் சட்டைப் பையில வைக்கிறேன். கத்தாத, மாடு மிரளும்."

போனை ஒலிபெருக்கியில் போட்டாள். ரே எஞ்சினை அணைத்தான். வண்டிக்குள் அந்தத் தொழுவத்தின் சத்தம் நிறைந்தது: மாடுகளின் மூச்சு, குளம்பு மாற்றி மாற்றி வைப்பது, எங்கோ மேலே மரம் இழுபடுகிற முனகல். பிறகு இரும்புச் சட்டம் திறக்கிற டக். இன்னொரு டக். ஃபெலிக்ஸ் கறக்கும்போது பேசுகிற அதே தொனியில் பேசிக்கொண்டே போனான். "ஓரம் போ மார்ஜ். போடி, கிழவி. நகரு, நகரு, உனக்குத் தனியா வந்து சொல்லணுமா." டக். டக். கதவுப் பக்கம் கிழக்கு. அங்கிருந்துதான் தொடங்கியிருப்பான். மேற்குக் கோடிக்குப் போகப் போக முனகல் அருகே வந்தது. இல்லை, அவன்தான் அதன் அருகே போய்க்கொண்டிருந்தான்.

கைல் ஷீஹன் ஜன்னலருகே வந்து ஏதோ கேட்க வாயெடுத்தவன், சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றான்.

டக். "பெட்டீனா, தலையை எடு." டக்.

பிறகு வந்த சத்தம் போனுக்குள் அடங்கவில்லை. ஒரு கரகரப்பாகச் சிதறி, அறுந்தது. திரையில் அழைப்பு முடிந்தது என்று எழுதியிருந்தது.

அவள் மறுபடி போட்டாள். அடிக்கவில்லை. மறுபடி போட்டாள். ரே அவள் தோளில் கை வைத்தான். எடுக்கச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, இருக்கச் சொல்லவும் தோன்றவில்லை. கைல் தன் வயர்லெஸ்ஸில் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டு, பனிச்சறுக்கு மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டான். இரண்டு பேர் இருந்தார்கள். சுவருக்குள் போய், முக்கால் மைலில் ஒரு வண்டி வேலிக்கம்பியில் சிக்கித் திரும்பி வந்தார்கள் என்று பதில் வந்தது. வெளிச்சம் வரட்டும், காலையில் மறுபடி பார்ப்பார்களாம். இங்கே வெளிச்சம் வேண்டிய மட்டும் இருந்தது. அவள் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேறு எதுவும் செய்வதற்கு இல்லை.

சூரியன் சாய்ந்து தோட்டம் செம்மஞ்சளாக ஆன பிறகுதான் போன் அடித்தது.

"போனு சாணியில கிடந்துச்சு" என்றான் ஃபெலிக்ஸ். "அதுல விழுந்ததாலதான் பொழச்சுது. நாத்தம் அங்கவரைக்கும் வருதா?"

ரேதான் பேசினான். "அடிபட்டுச்சாடா?"

"தோள்பட்டை. தூக்க முடியல. மத்தபடி முழுசாத்தான் இருக்கேன். ரெஜி எங்க?"

"இருக்கேன்" என்றாள்.

"மேற்குப் பாதி உக்காந்துடுச்சு. கிழக்குப் பக்கம் நிக்குது. அவுத்ததெல்லாம் ஓரமாத்தான் போச்சு. அவுக்காதது..." நிறுத்தினான். "கடைசி வரிசைக்குப் போக முடியல. பெட்டீனாவோட சட்டம் திறந்துச்சு, அவ நகரல. காலு மாட்டிக்கிட்டிருக்கு. உயிரோட இருக்கா. இன்னும் ரெண்டு மூணு சத்தம் போடுது உள்ள, எதுன்னு தெரியல." மான் வேட்டை சனிக்கிழமை தொடங்குகிறது, துப்பாக்கியைத் துடைத்துச் சமையலறையில் சாத்தி வைத்திருந்தானாம். வீட்டுக்குப் போய் எடுத்துவந்துவிட்டானாம். "மாட்டிக்கிட்டதை அப்படியே விட முடியாது, ஒரு கையால சுடணும். நீ போனைத் தள்ளி வெச்சுக்கோ."

அவள் தள்ளி வைக்கவில்லை. முதல் சத்தத்துக்கு ரே தலையைத் திருப்பிக்கொண்டான். எத்தனை என்று அவள் எண்ணவில்லை. காலையில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்த நேரத்திலிருந்து இடுப்பளவு பனி நெஞ்சளவு ஆன நேரம்வரை, ஒரு ஆள் எவ்வளவு தூரம் பாதை வெட்டியிருப்பான் என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். பாதி தூரமாவது. அவன் முழுதும் வெட்டியிருப்பான். அவள் அண்ணனை அவளுக்குத் தெரியும்.

"எல்லாம் என்னாலதான், ஃபெலிக்ஸ்" என்றாள். "தொட்டி வந்துடுச்சுன்னு நான் சொல்லாம இருந்திருந்தா..."

"தொட்டி வந்துச்சுதானே."

"வந்துச்சு."

"அப்புறம் என்ன. வந்ததை வந்துச்சுன்னுதானே சொன்னே." அதற்கு மேல் ஆறுதல் சொல்லியிருந்தால் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். இருவருக்கும் அது தெரியும்.

கைல் எங்கிருந்தோ மூன்று கோப்பைக் காப்பி கொண்டுவந்து ஜன்னல் வழியே கொடுத்தான். சர்க்கரை போடாத காப்பி. அவள் குடித்தாள்.

"இங்க இன்னும் கொட்டுது" என்றான் ஃபெலிக்ஸ். "மிச்சம் இருக்கிற கூரை ராத்திரி தாங்குமான்னு தெரியல. எப்ப விடும் ரெஜி?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவர் சாம்பல் நிறமாகி, வானத்தோடு கலந்துகொண்டிருந்தது. ஓரம் எங்கே என்று இப்போது பார்த்தால் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்று சந்தேகம்தான்.

"தெரியல" என்றாள். "எனக்குத் தெரியல ஃபெலிக்ஸ்."

அவன் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் செய்தான். "மடி கனத்து எல்லாம் கத்துதுங்க. இயந்திரம் ஓடாது. கையால கறந்து விட்டாத்தான் நிக்கும். வாளி எதுக்கு, யாரு வந்து எடுக்கப் போறா. தரையிலயே விட்டுர்றேன்." முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "ஒரு கைதான் இருக்கு. விடிஞ்சுரும். நீ வைக்காத, லைன்லயே இரு."

"இருக்கேன்."

"ஒண்ணும் பேச வேணாம். சும்மா இரு."

ரே போனை வண்டியின் மின்செருகியில் பொருத்தினான். அடுத்த முனையில் ஒரு மாடு மூச்சு விட்டது, ஃபெலிக்ஸ் ஏதோ முணுமுணுத்தான், பிறகு பால் நனைந்த வைக்கோலில் பீச்சுகிற சத்தம் தொடங்கியது. ஒரு கைக் கறவை. விட்டு விட்டு, நொண்டியடித்து வந்தது. இரண்டு கையும் ஓய்ந்திருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.